பழைய கார் வாங்கி ஓட்டணுமா? பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு ஆசைக்காரங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய கார் பாக்கப் போறவங்க எல்லாரும் முதல்ல செய்ற காரியம் பானட்டைத் தூக்குறது, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி காதைக் குடுத்துக் கேக்குறது, "சவுண்டு சூப்பரா இருக்கே"ன்னு அங்கயே மனசைப் பறிகொடுத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடுறது. இன்ஜினைக் கடைசியா பாருங்க. நம்ம ஊர்ல பத்மினி இன்ஜினுக்கோ அம்பாசடர் இன்ஜினுக்கோ ஏதாவது ஒரு லேத்துல வழி கிடைச்சிடும், ஆனா துரு தின்ன பாடியும் காலாவதியான ஆர்சியும் தான் ஆளைக் கவுத்துடும். கீழ சொல்றது எல்லாமே இந்த வரிசைதான்: பேப்பர், பாடி, அப்புறம்தான் மெஷின்.

இன்னொண்ணு, இது ஓட்டுறதுக்கு வாங்குறவங்களுக்கான வழிகாட்டி. போர்டிகோவுல கவர் போட்டு மூடி வெச்சு ஆயுத பூஜைக்கு மட்டும் எலுமிச்சம்பழம் நசுக்குறவங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது.

ஸ்டெப் 1: எந்த வண்டி?

பிரீமியர் பத்மினி. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கண்ணை மூடிட்டு சொல்றது இதுதான். பியட் 1100 டிலைட்னு 1964-ல வந்த அதே வண்டி, 70-கள்ல பேர் மாறி பத்மினி ஆச்சு, மும்பை குர்லாவுல செஞ்சாங்க, கிட்டத்தட்ட 2000 வரைக்கும் வந்துச்சு. 1089 சிசி இன்ஜின், நாலு கியர், ஸ்டியரிங் ராடுலயே கியர். ஒரு டன்னுக்கும் குறைவான வெயிட், அதனால நாப்பது குதிரைச் சக்திய வெச்சுக்கிட்டே டவுனுக்குள்ள சுறுசுறுப்பா போகும், ஸ்டியரிங் லேசு, குறுகலான தெருவுல திருப்ப சுகம். மும்பை டாக்சி பூரா இதுதான் ஓடுச்சுங்கறதால (கடைசியா ரெஜிஸ்டர் ஆன பத்மினி டாக்சி 2003 அக்டோபர் வண்டி, அதோட 20 வருஷ ஆயுசு 2023 அக்டோபர்ல முடிஞ்சுது) சாமான் இன்னும் கிடைக்குது. ஒரே ஒரு விஷயம், இதோட சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒரு தடவை நல்லா ஹீட் ஆக விட்டா ஹெட் வளைஞ்சிடும், அப்புறம் கேஸ்கட் மாத்தி மாத்தியே காசு போகும்.

அம்பாசடர் வேற ரகம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3-ஐ எடுத்து 50-கள் கடைசியில கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஆரம்பிச்சு 2014 மே வரைக்கும் செஞ்சாங்க. பின் சீட்டுல உக்காந்து போக இதை மிஞ்ச ஆளில்ல, குடும்பத்தோட ஊருக்குப் போறவங்களுக்கு இதுதான். ஆனா அம்பாசடர்னு பொதுவா சொன்னா போதாது. மார்க் 1, மார்க் 2, மார்க் 3-ல பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், மெதுவான வண்டி, அழகுக்கும் ஒரிஜினாலிட்டிக்கும் இதைத்தான் தேடுறாங்க. 90-கள்ல வந்த 1800 ஐஎஸ்இசட்-ல இசுசு 1817 சிசி இன்ஜின், 5 கியர், கியர் ராடு தரையில. ஹைவேல நிஜமா ஓட்டணும்னா இதை வாங்குங்க, பாக்க அதே அம்பாசடர்தான், ஆனா பைபாஸ்ல லாரிக்காரன் ஹாரன் அடிச்சுத் துரத்த மாட்டான். நம்ம பக்கம் நிறைய அம்பாசடர்ல ஒரு காலத்துல மெட்டடோர் வேனோட டீசல் இன்ஜினைத் தூக்கி வெச்சுட்டாங்க, அந்த மாதிரி வண்டி விலை கம்மியா வரும், ஆர்சியில அந்த மாத்தம் ஏறியிருக்கான்னு பாக்காம தொடாதீங்க.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம மெட்ராஸ் பிள்ளை. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் பாக்டரியில 1961-ல இருந்து செஞ்சாங்க, இத்தாலிக்கார டிசைனர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைஞ்ச பாடி. முன்பக்கம் பானட்டு பெண்டர் லைட்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டா முன்னாடி கவுந்துடும், முன் டயர் மேலயே உக்காந்து இன்ஜின் வேலை பாக்கலாம். 25 அடி வட்டத்துக்குள்ள யூ டர்ன் அடிக்கும், இன்னிக்கி வர சின்ன கார் கூட இதைச் செய்றது கஷ்டம். நாலு கதவு ஹெரால்டு உலகத்துலயே இந்தியாவுல மட்டும்தான் வந்துச்சு. இதோட ரெண்டு குணத்தை மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கணும். பின் சக்கரம் ஸ்விங் ஆக்சில், வளைவுல வேகமாப் போயிட்டு பாதியில டக்குனு ஆக்சிலேட்டரை விட்டா பின் சக்கரம் உள்ள மடங்கி வண்டி சுத்தப் பாக்கும். அப்புறம் முன்னாடி ஸ்டியரிங் திரும்புற இடத்துல ட்ரன்னியன்னு ஒரு சாமான், அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஏத்தணும். கிரீஸ் அடிச்சு அடிச்சு உள்ள காஞ்சு தேஞ்சு, ஒருநாள் மொத்தமா ஒடைஞ்சு சக்கரம் சாஞ்சுக்கும். பழைய மெக்கானிக்குக்கு இது தெரியும், புதுப் பையன் கிரீஸ் கன்னைத் தூக்கிட்டு வருவான், தடுக்குறது உங்க வேலை. 70-கள்ல அதே கம்பெனி விட்ட கெசல் கார்ல இந்தப் பின் ஆக்சிலை மாத்தி சாதா ஆக்சில் வெச்சுட்டாங்க.

கான்டெஸா ஆசை நிறைய பேருக்கு இருக்கு, தப்பில்ல, 1984-ல இருந்து 2002 வரைக்கும் வந்த வண்டி, இசுசு 1.8 இன்ஜின் வந்த அப்புறம் ஓட்டவும் நல்லா இருக்கும். ஆனா முதல் கிளாசிக்கா வேண்டாம்னுதான் சொல்வேன், இன்ஜின் சாமான் கிடைக்கும், கண்ணாடி, பம்பர், லைட்டு, உள் டிரிம்முக்கு நாயா அலையணும். பிரீமியர் 118 என்இ-யும் கிட்டத்தட்ட அதே கதை, பியட் 124 பாடி, நிசான் 1171 சிசி இன்ஜின், ஓட்ட அருமை, ஆனா ரோட்டுல பாக்குறதே அபூர்வமாயிடுச்சு.

மாருதி 800-ல 1983 டிசம்பர்ல வந்த முதல் ரக எஸ்எஸ்80 இப்போ சீரியஸான கிளாசிக். யாராவது தாத்தா வீட்டுல நின்னா யோசிக்காம வாங்குங்க.

இதுல எது உங்களுக்குன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கங்க: உங்க வீட்டுல இருந்து பத்து கிலோமீட்டர்ல இந்த வண்டிய கை வெக்கத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரா? இருக்காருன்னா எந்த வண்டிக்கு இருக்காரோ அந்த வண்டி. வண்டிய வாங்கிட்டு மெக்கானிக் தேடாதீங்க, மெக்கானிக்கைப் புடிச்சுட்டு வண்டி தேடுங்க, முடிஞ்சா வண்டி பாக்கப் போறப்ப அண்ணனுக்கு ஒரு டீயும் அரை நாள் கூலியும் குடுத்துக் கூடவே கூட்டிட்டுப் போயிடுங்க.

ஸ்டெப் 2: பேப்பர்

ஆர்சி புக்கைக் கையில வாங்குனதும் மூணு இடம் பாருங்க. ஒண்ணு, செல்லுபடி தேதி. சொந்தக் காருக்கு முதல் 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி காட்டிப் புதுப்பிக்கணும். ஷெட்டுல பல வருஷம் நின்ன வண்டிக்கு இது செத்துப் போயிருக்கும், லேட் பீஸ், பசுமை வரி, 25-ம் நம்பர் பாரம், இன்ஸ்பெக்‌ஷன்னு வரிசையா வரும், அதோட 20 வருஷம் தாண்டுன காருக்கு புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாய்க்கு ஏத்திட்டாங்க. இதை எல்லாம் விக்கிறவர் தலையில கட்டுங்க, இல்லன்னா விலையில கழிங்க.

ரெண்டு, சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும். வண்டியில அடிச்சிருக்குறதை டார்ச் அடிச்சு, அழுக்கைத் தொடைச்சு, ஒவ்வொரு எழுத்தா ஆர்சியோட ஒப்பிடுங்க. நம்பர் ஒத்து வராதப்ப "பிரேக் இன்ஸ்பெக்டர் நம்ம ஆளுதான் சார்"னு சொல்றவர்கிட்ட சிரிச்சுட்டு எழுந்து வந்துடுங்க. மூணு, பைனான்ஸ். 1991-ல ஏதோ பேங்குல வாங்குன கடன், கட்டி முடிச்சும் ஆர்சியில அப்படியே நிக்கும், அந்த பேங்கே இன்னொரு பேங்கோட சேந்திருக்கும். கடன் பாக்கி இல்லன்னு பேங்குல என்ஓசி வாங்கி 35-ம் பாரம் போட்டு எடுக்கணும், விக்கிறவர் எடுத்துக் குடுக்கட்டும்.

சொந்தக்காரர் காலமாயிட்டாருன்னா வாரிசு சான்றிதழ் இல்லாம பேர் மாறாது. பசங்க எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாங்களான்னு பாத்துட்டுத்தான் பணம் குடுக்கணும், வெளிநாட்டுல ஒரு தங்கச்சி இருந்தா அவங்க பேப்பர் வர வரைக்கும் காத்திருங்க.

50 வருஷம் தாண்டுன வண்டிக்கு 2021-ல மத்திய அரசு விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன்னு தனியா கொண்டு வந்தாங்க. நம்பர் பிளேட்டுல விஏன்னு வரும், புதுசா பண்ண 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கேக்க கெத்தா இருக்கும், ஆனா அந்த வண்டிய தினசரி ரோட்டுல ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு விட, இந்த மாதிரிக்கு மட்டும்தான். ஞாயித்துக்கிழமை ஈசிஆர் பக்கம் ஜாலியா ஒரு ரவுண்டு போகணும்னு வாங்குறவங்க சாதா ஆர்சியையே உயிரோட வெச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இன்ஸூரன்ஸுக்கு ஒரு வார்த்தை. தேர்ட் பார்ட்டி பிரீமியம் சிசி கணக்குல வரும், 1000, 1500-ல கோடு போட்டிருக்காங்க, பழைய அம்பாசடர் 1489-ங்கறதால நடுக் கட்டத்துலயே உக்காந்துக்கும், இசுசு இன்ஜின் மேல் கட்டத்துக்குப் போயிடும்.

ஸ்டெப் 3: பாடி

பகல்ல போங்க, மழையில போகாதீங்க, நனைஞ்ச பெயின்ட்டு எல்லா வண்டியையும் அழகாக் காட்டும். பழைய துணிய எடுத்துட்டுப் போங்க, கீழ படுக்கணும்.

ஒரு சின்ன காந்தத்தை மெல்லிசான துணியில சுத்தி வெச்சுக்கங்க. கதவோட கீழ் விளிம்பு, பெண்டர்ல ஹெட்லைட் சுத்தி, சக்கரத்துக்கு மேல வளையுற இடம், இங்க எல்லாம் வெச்சு மெதுவா இழுங்க. தகரம் இருக்குற இடத்துல கப்புனு பிடிக்கும், பட்டி பூசின இடத்துல வழுக்கிட்டு விழும். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கப் பிடியால தட்டிப் பாருங்க, நல்ல தகரம் டங்குனு பதில் சொல்லும், பட்டி தொப்புனு சொல்லும். ரெண்டு இஞ்சு பட்டி இருக்குறது பரவால்ல. ஒரு கதவு முழுக்க தொப்பு தொப்புன்னா அந்த வண்டிக்கு டிங்கரிங் செலவு இன்ஜின் செலவை விட ஜாஸ்தி வரும்.

உள்ள ஃப்ளோர் மேட்டைத் தூக்குங்க. டிரைவர் கால் வைக்கிற இடம், பாட்டரி தட்டு, டிக்கியில ஸ்டெப்னி குழி, பின் சீட்டுக்கு அடியில, இதெல்லாம் தண்ணி நிக்கிற இடம். அம்பாசடர்ல பின்னாடி லீஃப் ஸ்பிரிங் பாடியோட சேர்ற இடத்தைக் கட்டாயம் பாருங்க, அங்க துரு பிடிச்சா குழியில இறங்குறப்ப ஸ்பிரிங் பாடிய குத்திக்கிட்டு மேல வரும். பத்மினியில ஜாக்கி போடுற இடம். ஜாக்கி போட்டா வண்டி தூக்கணும், தகரம் உள்ள போனா விட்டுடுங்க. ஹெரால்டுல கவலை வேற மாதிரி, அதுக்குத் தனி சேஸிஸ், பாடியக் கழட்டி எடுத்துடலாம், அதனால சேஸிஸோட பக்கவாட்டுக் கைகள்தான் முக்கியம், மத்ததெல்லாம் போல்ட்டு.

கடலோரத்துல நின்ன வண்டிக்கு ரெண்டு மடங்கு சந்தேகம். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் காய்ஞ்ச ஊர்ல நின்ன வண்டி கிடைச்சா பஸ் ஏறிப் போய்ப் பாக்கலாம்.

கதவு நாலையும் திறந்து மூடுங்க. சாத்துறப்ப தூக்கிச் சாத்த வேண்டியிருந்தா கீல் தேஞ்சிருக்கு, இல்லன்னா பாடியே தொங்கியிருக்கு.

ஸ்டெப் 4: இப்போ இன்ஜின்

வண்டிய குளிர்ச்சியா வெச்சிருக்கச் சொல்லிட்டுப் போங்க. போனதும் பானட்டு மேல கை வைங்க, சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஒத்திகை பாத்திருக்காங்க. ரேடியேட்டர் மூடியத் திறந்து பாருங்க, தண்ணி மேல எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் குச்சியில காபி கலர்ல நுரை ஒட்டியிருந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கு.

ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் பாருங்க. ஆக்சிலேட்டரை விட்டு கொஞ்ச தூரம் உருண்டு மறுபடி மிதிக்கிறப்ப பின்னாடி நீலப் புகை புஸ்ஸுன்னு வந்தா வால்வு கைடு தேஞ்சிருக்கு, மிதிச்சுக்கிட்டே இருக்கும்போது விடாம வந்தா பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு. கருப்புப் புகைக்குப் பயப்படாதீங்க, கார்பரேட்டர் வேலைதான். ஆயில் கசிவுக்கும் ரொம்பப் பயப்பட வேண்டாம், அம்பாசடரோட பழைய இன்ஜின்ல பின்பக்க கிராங்க்குக்கு நல்ல சீலே கிடையாது, திருகு மாதிரி ஒரு வெட்டு வெச்சு ஆயிலை உள்ள தள்ளுறாங்க, நின்ன இடத்துல நாலு சொட்டு போடத்தான் செய்யும்.

வார்ம் ஆன பிறகு ஐடில்ல ஆயில் லைட்டு மினுக்குதான்னு பாருங்க. மினுக்குனா இன்ஜின் பேரிங்கு தேஞ்சிருக்கு. அது பெரிய வேலை, விலையில பேசலாம், ஓடிப் போக வேண்டியதில்ல.

ஸ்டெப் 5: பணம்

வண்டி விலைக்கு எவ்வளவு வெச்சிருக்கீங்களோ அதுல மூணுல ஒரு பங்கைத் தனியா எடுத்து வைங்க, முதல் வருஷத்துக்கு. "ரெஸ்டோர் பண்ணது"ன்னு புது பெயின்ட்டோட வர வண்டிய விட, மங்கிப் போன ஒரிஜினல் பெயின்ட்டோட வர ஒரே ஓனர் வண்டிக்கு நான் கூடக் குடுப்பேன், அதுல மறைக்க எதுவும் இல்ல.

ஸ்டெப் 6: வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது

வந்த அன்னிக்கே ஊர் சுத்தக் கிளம்பாதீங்க. முதல்ல பிரேக். பழைய அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எல்லாத்துலயும் நாலு சக்கரமும் டிரம், ஹைட்ராலிக் லைன் ஒரே சர்க்யூட். எங்கயாவது ஒரு வீல் சிலிண்டர் ரப்பர் கிழிஞ்சா மிதி மொத்தமா தரைக்குப் போயிடும், மிச்சம் இருக்குறது ஹேண்ட் பிரேக் ஒண்ணுதான். அதனால மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, நாலு வீல் சிலிண்டர் கிட்டு, ரப்பர் ஹோஸ், புது ஆயில், எல்லாம் ஒரே மூச்சுல மாத்திடுங்க. ஹேண்ட் பிரேக் மேட்டுல வண்டிய நிறுத்தணும், நிறுத்தலன்னா கேபிளை மாத்துங்க.

ரெண்டாவது பெட்ரோல் லைன். இப்போ பங்க்குல வரது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி செஞ்ச காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது, ஹோஸ் உள்பக்கம் கூழாகி, கருப்புத் துகளா கார்பரேட்டர் ஜெட்டுல போய் அடைக்கும், வெளிப்பக்கம் வெடிச்சு இன்ஜின் மேலயே ஒழுகும், அதுதான் பயம். எத்தனால் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்கி டாங்குல இருந்து கார்பரேட்டர் வரைக்கும் முழுசா மாத்துங்க, பம்ப் டயாப்ரமும் சேர்த்து, புது கிளிப்போட. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், பாதி டாங்கோட மாசக்கணக்குல நிறுத்துனா தண்ணி அடியில இறங்கி டாங்கு துரு பிடிக்கும். வாரம் ஒரு தடவை ஓட்டுங்க, இல்லன்னா வடிச்சு வைங்க. வண்டி மூச்சு வாங்குற மாதிரி, இழுவை இல்லாத மாதிரி இருந்தா ஒரு சைஸ் பெரிய ஜெட்டு போட்டா சரியாகும்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோட நாடு பூரா நின்னு போச்சு. வால்வு சீட்டைத் தேயாம காப்பாத்துனது அந்த ஈயம்தான், அது இல்லாததால இரும்பு ஹெட் இருக்குற பழைய அம்பாசடர்ல வால்வு சீட்டு மெதுவா உள்ள இறங்கும், டாப்பெட் கேப் அடிக்கடி குறைஞ்சுக்கிட்டே வரதுதான் அறிகுறி. அடுத்த தடவை ஹெட் இறக்குறப்ப லேத்துல ஹார்டு சீட்டு அடிச்சு வாங்கிடுங்க.

இன்ஜின் ஆயில் 20டபிள்யூ50 மினரல். விலை ஜாஸ்தியான சிந்தெடிக் ஊத்தி வண்டிக்கு மரியாதை பண்றேன்னு ஆரம்பிக்காதீங்க, சீல் இருக்குற எல்லா இடத்துலயும் ஒழுகும்.

தெர்மோஸ்டாட் இருக்கான்னு பாருங்க. ஹீட் ஆகுதுன்னு சொன்னா நம்ம ஊர்ல முதல் வேலையா அதைக் கழட்டிப் போட்டுடுவாங்க, அப்புறம் இன்ஜின் சூடே ஏறாம பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டு சீக்கிரம் தேயும். ஹீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அடைச்ச ரேடியேட்டர். கழட்டி ராடு விட்டுச் சுத்தம் பண்ணிட்டு தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்க.

ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்க, பழைய ஒயரிங்ல மொத்தக் கரன்ட்டும் சுவிட்சு வழியாப் போகுது, ரிலே போட்டா அதே பல்பு வேற மாதிரி எரியும். சீட் பெல்ட் இல்லன்னா நல்ல இடமாப் பாத்துப் போட வைங்க.

ஸ்டெப் 7: ஓட்டப் பழகுறது

பத்மினி, பழைய அம்பாசடர், ஹெரால்டு மூணுலயும் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது ஓடும்போதே பல்லு உரசாம கியர் விழ வைக்கிற அமைப்பு, கிடையாது. ஓடிட்டிருக்கும்போது முதல் கியர் போட்டா கர்ருனு கத்தும். வண்டி நின்ன பிறகு போடுங்க, இல்லன்னா டபுள் கிளட்ச் பழகுங்க: கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், கிளட்ச் விட்டு ஒரு சின்ன ரேஸ், மறுபடி மிதிச்சு கியர். காலி கிரவுண்டுல ஒரு சாயங்காலம் பழகுனா போதும், வந்துடும்.

டிரம் பிரேக் மலை இறங்குறப்ப சூடாகி பிடிப்பு விட்டுடும். ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ ஏறுன கியர்லயே இறங்குங்க. மழைத் தண்ணியில முங்கி வந்தா கொஞ்ச தூரம் மிதியை லேசா அழுத்திக்கிட்டே போய் காய வைங்க. முன்னாடி போற வண்டியோட இடைவெளிய ரெண்டு மடங்கு விடுங்க, அதுல ஒரு ஆட்டோ வந்து நுழையும், மறுபடியும் விடுங்க.

பழைய அம்பாசடர்ல டிம் டிப் சுவிட்சு இடது கால் பக்கம் தரையில இருக்கும், ராத்திரி முதல் தடவை ஓட்டுறப்ப கையால தேடிட்டே இருப்பீங்க.

மே மாசம் மத்தியானம் டிராபிக்ல நின்னு நின்னு வண்டி ஆஃப் ஆகி ஸ்டார்ட் ஆகலன்னா பதறாதீங்க. பெட்ரோல் பம்ப் சூடாகி உள்ள ஆவி கட்டியிருக்கும். பானட்டைத் திறந்து, ஈரத் துணிய பம்ப் மேல போட்டு கொஞ்ச நேரம் விடுங்க. பழைய டாக்சிக்காரங்க எல்லாரும் சீட்டுக்கு அடியில ஒரு துணியும் தண்ணி பாட்டிலும் வெச்சிருந்தது இதுக்குத்தான்.

கூடவே டிக்கியில இருக்க வேண்டியது: டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள போற ஒரு பாயின்ட் செட், கண்டன்சர், ரோட்டார், அப்புறம் பேன் பெல்ட், ரெண்டு பிளக், பியூஸ், துண்டு எமரி ஷீட், ஃபீலர் கேஜ். வழியில மிஸ்ஸிங் அடிச்சா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியக் கழட்டி, பாயின்ட் ரெண்டும் ஒட்டுற இடத்துல எமரிய மடிச்சு நாலு இழுப்பு இழுத்து, கேம் உச்சியில நிக்கிறப்ப 0.4 மில்லிமீட்டர் கேப் வெச்சு முறுக்குனா பாதி நேரம் அங்கயே சரியாயிடும். மீதி நேரம் கண்டன்சர்.

ஸ்டெப் 8: சாமான், ஆளு, கூட்டம்

சென்னையில புதுப்பேட்டை, கோவையில உக்கடம். பழைய சாமானை எடுத்துட்டுப் போய்க் கையில காட்டிக் கேளுங்க, வாயால சொன்னா வேற ஏதாவது குடுத்துடுவாங்க. புது டூப்ளிகேட்டை விட கழட்டுன ஒரிஜினல் பல நேரம் நல்லா இருக்கும், முக்கியமா கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். ரப்பரும் பிரேக் சாமானும் மட்டும் பழசு வாங்கக் கூடாது. விண்ட்ஷீல்டு, லைட் கிளாஸ், கிரில், எம்பளம் இதெல்லாம் கண்ணுல பட்டா தேவை இல்லன்னாலும் வாங்கிப் போடுங்க, அடுத்த தடவை போறப்ப இருக்காது.

சென்னையில மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கு, ராலி நடக்குறப்ப போய் நில்லுங்க, வண்டிய விட ஓனர்ங்ககிட்ட பேச்சுக் குடுங்க, எந்த லேத்துல போரிங் சுத்தமா பண்றான், யார்கிட்ட ஹெரால்டு ட்ரன்னியன் இருக்குன்னு அங்கதான் தெரியும். கோவையில ஜீடி கார் மியூசியமும் வண்டி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பாக்க வேண்டிய இடம். ஒரிஜினல் வண்டியில பீடிங் எங்க ஓடுது, எம்பளம் எங்க உக்காருது, உள்ள சீட்டுத் தையல் எப்படின்னு நிதானமாப் பாத்துட்டு வந்தா, அப்புறம் ஷெட்டுல காட்டுற வண்டியில எதை மாத்தியிருக்காங்கன்னு கண்ணுக்கே தெரியும்.